நாய்க்குப் புற்றுநோய் வந்தால் கீமோதெரபி கொடுப்பதா, வேண்டாமா: முடிவெடுக்க ஒரு வழிகாட்டி

நாயின் தாடைக்கு அடியிலோ பால்காம்பு வரிசையிலோ தட்டுப்பட்ட கட்டி புற்றுநோய்தான் என்று மருத்துவர் சொல்லிவிட்டால், சில நாட்களுக்குள் வீட்டார் ஒரு முடிவுக்கு வந்தாக வேண்டியிருக்கிறது. சென்னை வீடுகளில் அந்த முடிவைப் பல நேரம் தீர்மானிப்பது நாயின் நோயைவிட, குடும்பத்தில் யாருக்கோ முன்பு நடந்த கீமோதெரபியின் நினைவுதான். 1954இல் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி தொடங்கிய அடையாறு புற்றுநோய் மருத்துவமனைக்கு அத்தையையோ தாத்தாவையோ அழைத்துச் சென்று, முடி கொட்டி, வாய் புண்ணாகி, சோறு இறங்காமல் அவர்கள் பட்ட பாட்டை அருகிலிருந்து பார்த்த குடும்பங்கள் இந்த ஊரில் ஏராளம். “வாயில்லாத ஜீவனை ஏன் வதைக்க வேண்டும்?” என்று பெரியவர்கள் கேட்டால் அந்தக் கேள்வியை யாரும் அலட்சியம் செய்யக் கூடாது, அது அன்பிலிருந்து வருவது.

ஆனால் நாய்க்குக் கொடுக்கப்படும் கீமோதெரபியின் நோக்கம் வேறு. மனிதர்களுக்கு நோயை வேரோடு அழிக்க முயல்வதால், உடல் தாங்கும் எல்லைவரை மருந்தைக் கொண்டுபோவார்கள். நாய்க்கோ, மீதமிருக்கும் காலத்தை அது நன்றாகச் சாப்பிட்டு, நடந்து, வாலை ஆட்டிக்கொண்டு கழிக்க வேண்டும் என்பதுதான் பெரும்பாலும் இலக்கு. மருந்தளவும் அதற்கேற்பக் குறைத்தே வகுக்கப்பட்டிருக்கிறது. ஆகவே கீமோதெரபி என்ற சொல்லைக் கேட்டவுடன் சரி என்றோ கூடாது என்றோ சொல்லிவிடாமல், நம் நாய்க்கு வந்திருக்கும் இந்தக் குறிப்பிட்ட புற்றுநோயில் அந்த மருந்து எதைச் சாதிக்கும் என்பதை முதலில் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். மற்ற எல்லாக் கேள்விகளும் அதற்குப் பிறகுதான்.

நோயின் பெயர் உறுதியாகும்வரை காத்திருங்கள்

கட்டியைத் தொட்டுப் பார்த்தோ ஸ்கேனைப் பார்த்தோ மட்டும் கீமோதெரபியைத் தொடங்கக் கூடாது. மெல்லிய ஊசியால் கட்டியிலிருந்து செல்களை உறிஞ்சி எடுத்து நுண்ணோக்கியில் பார்ப்பது முதல் படி. பல கட்டிகளுக்குச் சிறு துண்டை வெட்டி எடுத்து பயாப்சிக்கு அனுப்பினால்தான் வகையும், எவ்வளவு தீவிரமானது என்னும் தரமும் தெரியவரும். நோய் நுரையீரலுக்கோ கல்லீரலுக்கோ மண்ணீரலுக்கோ பரவியிருக்கிறதா என்று அறிய மார்பு எக்ஸ்ரேயும் வயிற்று ஸ்கேனும் தேவைப்படும். வேப்பேரியில் 1903 முதல் இயங்கிவரும் சென்னை கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனையில் நோயியல், அறுவை, மருத்துவம் ஆகிய துறைகள் ஒரே வளாகத்தில் இருப்பதால், தனியார் கிளினிக்கில் சிகிச்சை பெறுபவர்கள்கூட அங்கே இரண்டாவது கருத்தைக் கேட்டு வருவது நல்லது. காலையில் சீக்கிரமே போய்ச் சீட்டு வாங்க வேண்டியிருக்கும். கூட்டத்தில் மிரளும் நாய் என்றால் அதன் முறை வரும்வரை வண்டியிலோ மரநிழலிலோ ஒருவர் வைத்துக்கொண்டிருப்பது நல்லது.

நம் ஊருக்கே உரிய ஓர் எச்சரிக்கையும் இருக்கிறது. உடம்பு முழுவதும் நெறி கட்டியிருப்பதும், மண்ணீரல் வீங்குவதும், நாய் இளைத்துச் சோர்ந்து போவதும் லிம்ஃபோமா என்னும் நிணநீர்ப் புற்றுநோயின் அடையாளங்கள். ஆனால் உண்ணியால் பரவும் எர்லிகியா நோயிலும் இவை அனைத்தும் வரும்; கூடவே தட்டணுக்கள் குறைந்து மூக்கில் ரத்தம் வடியவும் கூடும். சென்னையின் வெயிலிலும் புழுக்கத்திலும் உண்ணி ஆண்டு முழுவதும் பெருகுவதால், இந்த இரண்டில் எது என்று பிரித்தறியாமல் எந்த மருந்தையும் தொடங்கக் கூடாது. இரண்டும் சேர்ந்தே இருப்பதும் உண்டு. அப்படியானால் உண்ணிக் காய்ச்சலை முதலில் கட்டுக்குள் கொண்டுவராமல் கீமோ மருந்து போட்டால், ஏற்கெனவே குறைந்திருக்கும் ரத்த அணுக்கள் மேலும் சரிந்துவிடும். ஊசி வைத்துச் செல் எடுக்கும்போது, தாடைக்குக் கீழே உள்ள நெறியைவிடப் பின்னங்கால் முழங்காலுக்குப் பின்புறம் உள்ள நெறியிலிருந்து எடுக்க முடியுமா என்று கேளுங்கள். பல்லில் சொத்தையும் ஈறு வீக்கமும் இருந்தால் தாடை நெறிகள் அதனாலேயே பெருத்திருக்கும். முடிவு குழப்பமாக வரும்.

இந்தக் கட்டத்தில் நடக்கும் ஒரு தவறைத் தனியாகச் சொல்ல வேண்டும். பரிசோதனை முடிவு வருவதற்குள் வீக்கம் வற்றட்டும் என்று பிரெட்னிசோலோன் போன்ற ஸ்டீராய்டைக் கொடுத்துவிடுகிறார்கள். லிம்ஃபோமாவில் அது இரண்டு வகையில் கெடுதல் செய்கிறது: நெறிகள் தற்காலிகமாகச் சுருங்கிப் பரிசோதனையை ஏமாற்றுகின்றன, புற்றுச்செல்கள் பின்னர் கொடுக்கப்படும் கீமோ மருந்துகளை எதிர்க்கும் தன்மையைப் பெற்றுவிடவும் வாய்ப்பிருக்கிறது. நாய் மூச்சுவிடத் திணறினால் தவிர, கீமோ வேண்டுமா என்ற கேள்வி தீரும்வரை ஸ்டீராய்டைத் தள்ளிப்போடலாமா என்று மருத்துவரிடம் வாய்விட்டுக் கேட்டுவிடுங்கள்.

எந்தப் புற்றுநோயில் மருந்து எவ்வளவு உதவும்

நம் தெருக்களில் அடிக்கடி காணப்படுவதும், கீமோதெரபியால் முழுமையாகக் குணமாவதும் ஒரே நோய்தான் என்பது பலருக்குத் தெரியாது. இனச்சேர்க்கையின்போது ஒரு நாயிடமிருந்து இன்னொரு நாய்க்குப் புற்றுச்செல்களே நேரடியாகத் தொற்றிப் பரவும் பிறப்புறுப்புக் கட்டி அது. மருத்துவர்கள் டிவிடி (TVT) என்று சுருக்கமாகச் சொல்வார்கள். பூக்கோசு போன்ற சிவந்த கட்டியும், சொட்டுச் சொட்டாக வடியும் ரத்தமும் அதன் அடையாளங்கள். பெண் நாய்க்கு வடியும் ரத்தத்தைப் பருவத்துக்கு வந்திருக்கிறது என்று நினைத்து வாரக்கணக்கில் விட்டுவிடுவார்கள். பார்க்கவே அருவருப்பாகவும் அச்சமாகவும் இருக்கும் இந்தக் கட்டி, வின்கிரிஸ்டின் என்ற ஒரே மருந்தை வாரம் ஒரு முறை, பொதுவாக 4 முதல் 6 முறை நரம்பில் செலுத்தினால் பெரும்பாலான நாய்களில் சுவடில்லாமல் மறைந்துவிடுகிறது. தெருவில் நீங்கள் சோறு வைக்கும் நாய்க்கு இது வந்திருந்தால் நான் தயங்காமல் சொல்வேன்: சிகிச்சை கொடுங்கள். ஒவ்வொரு வாரமும் அந்த நாயைப் பிடித்துவர ஆள் இருக்கிறதா என்பது மட்டுமே இங்கே கேள்வி.

லிம்ஃபோமாவின் கணக்கு வேறு. சிகிச்சையே கொடுக்காவிட்டால் ஏறத்தாழ 4 முதல் 6 வாரங்களில் நோய் முற்றிவிடும். ஸ்டீராய்டு மட்டும் கொடுத்தால் ஒன்று முதல் மூன்று மாதங்கள் வரை ஓரளவு தெம்பாக இருக்கும். சைக்ளோஃபாஸ்ஃபமைடு, டாக்ஸோரூபிசின், வின்கிரிஸ்டின், பிரெட்னிசோலோன் ஆகிய நான்கையும் மாற்றி மாற்றிக் கொடுக்கும் சுமார் 4 முதல் 6 மாத முறையில், பி-செல் என்னும் வெள்ளணுவில் தொடங்கும் வகை நோயுள்ள நாய்களில் 10இல் 8 அல்லது 9 நாய்களுக்கு நெறிகள் வற்றி நோய் அடங்குகிறது. அவற்றின் இடைநிலை ஆயுள் ஏறத்தாழ ஓராண்டு. டி-செல் என்னும் வேறொரு வெள்ளணுவில் தொடங்கும் வகையில் அது இன்னும் குறைவு. இடைநிலை என்றால், பாதி நாய்கள் அதற்கும் குறைவாகவும் பாதி நாய்கள் அதற்கும் அதிகமாகவும் வாழ்ந்தன என்று பொருள். உங்கள் நாய்க்கு யாரும் தரும் உத்தரவாதம் அல்ல அது. குணம் என்ற சொல்லையும் இங்கே பயன்படுத்தக் கூடாது, ஏனெனில் பெரும்பாலான நாய்களில் நோய் திரும்பி வரும். ஆயினும் பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள் வாழும் ஒரு லாப்ரடாருக்கு ஓராண்டு என்பது அதன் வாழ்வில் பத்தில் ஒரு பங்கு. அதில் பெரும்பகுதியை அது நோயின் அறிகுறி இல்லாமல் கழிக்கக்கூடும் என்றால், அது கேட்கத் தகுந்த காலம்தான்.

எலும்புப் புற்றுநோயான ஆஸ்டியோசார்கோமா ராட்வீலர், கிரேட் டேன் போன்ற பெருத்த நாய்களுக்குக் காலில் வரும். காலை எடுத்துவிட்டால் தாங்கமுடியாத வலி தீரும். ஆனால் நோய் பெரும்பாலும் அதற்குள் நுரையீரலுக்கு விதைத்துவிட்டிருக்கும். அறுவை மட்டும் என்றால் 4, 5 மாதங்களும், அதன்பின் 3 வாரத்துக்கு ஒரு முறை கார்போபிளாட்டின் 4 முதல் 6 தவணை கொடுத்தால் 10 மாதம் முதல் ஓராண்டு வரையும் இடைநிலை ஆயுள். காலை எடுக்காமல் கீமோ மட்டும் கொடுப்பது வலியைத் தீர்க்காது; அதற்கு நான் எதிரானவன்.

மண்ணீரலில் வந்து திடீரென்று வெடித்து வயிற்றுக்குள் ரத்தம் கசியும் ஹெமாஞ்சியோசார்கோமாவில், அறுவைக்குப் பிறகு டாக்ஸோரூபிசின் கொடுத்தாலும் கூடுதலாகக் கிடைப்பது சில மாதங்களே. கருத்தடை செய்யாத பெண் நாய்களுக்கு மிகுதியாக வரும் மடிக்கட்டிக்கு அறுவைதான் முதன்மைச் சிகிச்சை. கட்டிகளில் ஏறத்தாழ பாதி கெட்டவை அல்ல என்பதால் பயாப்சி முடிவு வரும்முன் கீமோவைப் பற்றிப் பேசவே தேவையில்லை, வந்த பிறகும் அதன் பயன் தெளிவாக நிறுவப்படவில்லை. வாயில் வரும் மெலனோமாவில் கீமோ மருந்துகளின் பலன் சொற்பம். தோலில் வரும் மாஸ்ட் செல் கட்டிக்குத் தரம் என்ன, முழுமையாக வெட்டி எடுக்கப்பட்டதா என்ற இரண்டு விவரங்களும் முடிவைத் தீர்மானிக்கும்.

வயதை மட்டும் வைத்து முடிவெடுக்காதீர்கள். சிறுநீரகமும் கல்லீரலும் இதயமும் நன்றாக வேலை செய்யும் 11 வயது நாய், சிறுநீரகம் கெட்ட 6 வயது நாயைவிட மருந்தை நன்றாகத் தாங்கும். டாக்ஸோரூபிசின் சேரச் சேர இதயத் தசையைப் பாதிக்கும் என்பதால் டாபர்மேன், பாக்ஸர் இன நாய்களுக்கு எக்கோ பரிசோதனை அவசியம். கோலி இனத்திலும் அதன் கலப்பிலும் மருந்தை மூளைக்குள் விடாமல் தடுக்கும் ஒரு மரபணு பழுதாகியிருக்கக்கூடும். அப்படிப்பட்ட நாய்களுக்கு வின்கிரிஸ்டினும் டாக்ஸோரூபிசினும் வழக்கமான அளவில் ஆபத்தானவை என்பதால் இனத்தை மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

மருந்து போடும் நாளும் அதற்குப் பின்வரும் வாரமும்

பெரும்பாலான தவணைகளுக்கு நாய் இரவு தங்க வேண்டியதில்லை. அன்று காலை ரத்தம் எடுத்து அணுக்களை எண்ணுவார்கள். நியூட்ரோஃபில் என்னும் வெள்ளணுக்கள் 1,500க்குக் கீழே இருந்தால் பெரும்பாலும் தவணையைச் சில நாட்கள் தள்ளிப்போடுவார்கள். அதைக் கண்டு பதற வேண்டாம், அது சரியான நடைமுறை. இந்த எண்ணிக்கையைப் பார்க்காமலே ஊசி போடும் இடத்துக்கு நாயைக் கொண்டுபோகாதீர்கள். முன்னங்காலில் முடியை மழித்து, நரம்புக்குள் செருகும் வென்ஃப்ளான் என்ற சிறு குழாயைப் புதிதாகப் போட்டு, உப்புநீர் தடையின்றிப் போகிறதா என்று பார்த்த பிறகே மருந்தைச் செலுத்த வேண்டும். வின்கிரிஸ்டினோ டாக்ஸோரூபிசினோ நரம்புக்கு வெளியே சில துளிகள் கசிந்தாலும் அந்த இடத்தில் தோலும் சதையும் அழுகிவிடும். ஆகவே நாய் அசையாமல் இருக்க, அது நம்பும் ஒருவர் தலைமாட்டில் நின்று பிடித்துக்கொள்வது வெறும் ஆறுதல் அல்ல, சிகிச்சையின் ஒரு பகுதி. வீட்டுக்கு வந்தபின் ஊசி போட்ட இடம் சிவந்தாலோ, வீங்கினாலோ, நாய் அதை விடாமல் நக்கினாலோ அன்றே தெரிவியுங்கள்.

மருந்தை வெளியில் மருந்துக்கடையில் வாங்கிவரச் சொன்னால் இன்னொரு விவரம் முக்கியம். வின்கிரிஸ்டினைக் குளிர்பெட்டியில் 2 முதல் 8 டிகிரிக்குள் வைத்திருக்க வேண்டும். மே மாத வெயிலில் ஸ்கூட்டர் டிக்கியில் போட்டு எடுத்து வந்தால் அதன் வீரியத்தை நம்ப முடியாது. ஐஸ் பொதியுடன் கூடிய சிறு பெட்டியில் வாங்கி நேராக மருத்துவரிடம் சேர்த்துவிடுங்கள்.

இரண்டாம் நாள் முதல் ஐந்தாம் நாள் வரை சோறு பிடிக்காமல் போகலாம், ஓரிரு முறை வாந்தியோ பேதியோ வரலாம். வாந்தியைத் தடுக்கும் மாத்திரையை முன்கூட்டியே வாங்கி வைத்திருங்கள். வெள்ளணுக்கள் மிகவும் குறைவது பெரும்பாலான மருந்துகளில் ஏழாம் நாளையொட்டி. கார்போபிளாட்டினில் அதற்கும் சற்றுப் பின்னர். அந்த நாட்களில் பச்சை இறைச்சி கூடாது, நன்கு வேகவைத்த கோழியும் சோறும் போதும். ஆசனவாயில் வைக்கும் டிஜிட்டல் தெர்மாமீட்டர் ஒன்றை நாய்க்கென்றே வாங்கி, வெயிலில் அலைந்து வந்தவுடன் அல்லாமல், மின்விசிறிக்கு அடியில் அரை மணி நேரம் படுத்த பிறகு அளந்து பாருங்கள். 102.5 டிகிரி வரை இயல்பு. 103ஐத் தாண்டி, நாயும் சோர்ந்திருந்தால் விடியும்வரை காத்திருக்க வேண்டாம். அது கிருமி ரத்தத்தில் கலந்ததன் அடையாளமாக இருக்கலாம், சில மணி நேரத்துக்குள் ஊசி மருந்து தேவைப்படும். எனவே, இரவில் திறந்திருக்கும் கால்நடை மருத்துவமனை உங்கள் பகுதியில் எது என்பதை முதல் தவணைக்கு முன்பே விசாரித்து வையுங்கள். மருத்துவமனையில் சேர்க்கும் அளவுக்குக் கடுமையான பின்விளைவு சிறுபான்மை நாய்களுக்கே வருகிறது. முடியும் நம் அச்சத்தைப் போலக் கொட்டுவதில்லை. ஷிட்சு, பூடுல் போன்று முடி வளர்ந்துகொண்டே இருக்கும் இனங்களில்தான் அதிகம் உதிரும், மற்ற நாய்கள் மீசை முடியை இழப்பதோடு சரி.

சைக்ளோஃபாஸ்ஃபமைடு மாத்திரையைக் காலையில் கொடுத்து, அன்று நிறையத் தண்ணீர் குடிக்கவும் அடிக்கடி சிறுநீர் கழிக்கவும் விட வேண்டும். தேங்கினால் சிறுநீர்ப்பை புண்ணாகி ரத்தம் வரும். மாத்திரையை உடைக்கவோ பொடிக்கவோ கூடாது. கையுறை போட்டு, இட்லித் துண்டுக்குள் முழுதாகப் பொதித்து ஊட்டலாம். முதலில் வெறும் இட்லித் துண்டு, இரண்டாவதில் மாத்திரை, உடனே மூன்றாவதைக் காட்டினால் மென்று பார்க்காமல் விழுங்கிவிடும்.

வீட்டு நிலைமையையும் கணக்கில் சேருங்கள்

மருந்தின் எச்சம் நாயின் சிறுநீரிலும் மலத்திலும் வாந்தியிலும் ஏறத்தாழ 3 நாட்கள் வரை வெளியேறும். கையுறை அணிந்து அள்ளி, நிறையத் தண்ணீர் ஊற்றிக் கழுவ வேண்டும். குழந்தைகள் விளையாடும் மொட்டை மாடியில் நாயைச் சிறுநீர் கழிக்க விடும் பழக்கத்தை நிறுத்த வேண்டும். சீமந்தம் முடிந்து மகள் பிரசவத்துக்குத் தாய்வீடு வந்திருக்கிறாள் என்றாலோ, வீட்டில் தாய்ப்பால் கொடுப்பவர் இருந்தாலோ, அவர்கள் இந்த வேலைகளின் அருகே வரவே கூடாது. அப்படி ஒரு தனி ஏற்பாட்டைச் செய்ய முடியாத சிறிய வீட்டில், கீமோ வேண்டாம் என்று முடிவெடுப்பதில் எந்தக் குற்றமும் இல்லை.

பணத்தைப் பற்றிக் கூச்சமில்லாமல் பேசுங்கள். மருந்துகள் மனிதர்களுக்கு விற்கப்படுபவையே. அளவு உடலின் பரப்பை வைத்துக் கணக்கிடப்படுவதால், 30 கிலோ நாய்க்கு 10 கிலோ நாயைப்போல் மூன்று மடங்கு அல்ல, ஏறத்தாழ இரண்டு மடங்கே தேவைப்படும். பெரும்பாலும் செலவு ஏறுவது ஒவ்வொரு தவணைக்கும் உள்ள ரத்தப் பரிசோதனை, ஸ்கேன், போக்குவரத்து, எதிர்பாராமல் மருத்துவமனையில் சேர்க்கும் நாட்கள் ஆகியவற்றால்தான். ஒரு ஊசியின் விலையைக் கேட்காமல், முழுச் சுற்றுக்கும் ஆகும் தொகையை எழுதி வாங்குங்கள். பாதியில் பணம் தீர்ந்து நிறுத்துவதைவிட, தொடங்காமல் வலி நிவாரணத்துக்கு அந்தத் தொகையை ஒதுக்குவது நாய்க்கு நல்லது. தாங்க முடியாத கடன் வாங்கித்தான் செய்ய வேண்டும் என்றால், செய்யாமலிருப்பது அன்புக் குறைவு ஆகாது.

பணத்தைவிடப் பலரை முறிப்பது உழைப்புதான். வெளிநாட்டிலிருக்கும் மகன் செலவை ஏற்றுக்கொண்டு “எதையும் விடாமல் செய்யுங்கள், அப்பா” என்று தொலைபேசியில் சொல்வான். ஆனால் 30 கிலோ நாயை மாடிப்படியில் இறக்கி, ஏற்றிக்கொள்ளச் சம்மதிக்கும் ஆட்டோவைத் தேடி, வாராவாரம் கொண்டுபோவது எழுபது வயதுப் பெற்றோர். தூக்குபவரின் குரலுக்குத்தான் இந்த முடிவில் அதிக எடை இருக்க வேண்டும். லிம்ஃபோமா சுற்று அக்டோபரில் தொடங்கினால் மழைக்காலம் முழுவதும் நடுவில் வரும். வேளச்சேரி, முடிச்சூர் போன்று தண்ணீர் தேங்கும் பகுதிகளில் இருப்பவர்கள் மாற்று ஏற்பாட்டை முன்பே யோசிக்க வேண்டும். நாயின் சுபாவமும் கணக்கில் வரும். கிளினிக் வாசலைக் கண்டாலே நடுங்கிச் சிறுநீர் கழித்துவிடும் நாய்க்கு மருந்து தரும் மாதங்களில் ஒவ்வொரு வாரமும் ஒரு நாள் அச்சத்தில் போகும்.

வேண்டாம் என்று முடிவெடுத்தால்

கீமோ வேண்டாம் என்பது சிகிச்சையே வேண்டாம் என்பதாகாது. வலிக்கு, வாந்திக்கு, பசியின்மைக்குத் தனித்தனியே மருந்துகள் இருக்கின்றன. லிம்ஃபோமாவில் ஸ்டீராய்டு மட்டும் சில வாரங்களுக்கு நல்ல பசியையும் சுறுசுறுப்பையும் தரும். ஆனால் ஸ்டீராய்டோடு மெலாக்ஸிகாம் போன்ற வலி மாத்திரையைச் சேர்த்துக் கொடுத்தால் குடலில் புண் ஏற்பட்டு ரத்தம் கசியும். வீட்டிலுள்ள ஐபுப்ரூஃபன், பாராசிட்டமால் எதையும் சொந்தமாகக் கொடுக்காதீர்கள்.

தொடங்கினால், எங்கே நிறுத்துவது என்பதையும் இப்போதே எழுதிவையுங்கள்

முதல் ஊசி போட்டுவிட்டால் கடைசி ஊசி வரை போயாக வேண்டும் என்ற கட்டாயம் எதுவும் இல்லை. இரண்டு தவணை கொடுத்துப் பார்த்து, நெறிகள் வற்றவில்லை என்றாலோ நாய் ஒவ்வொரு முறையும் துவண்டுபோகிறது என்றாலோ நிறுத்திவிடலாம். மனம் தெளிவாக இருக்கும்போது எல்லையை எழுதிவைத்துக்கொண்டால், பின்னால் குடும்பத்தில் ஒருவரையொருவர் குறை சொல்லும் நிலை வராது. அமெரிக்கக் கால்நடை மருத்துவர் அலிஸ் வில்லலோபோஸ் வகுத்த அளவுகோல் ஒன்று உலகெங்கும் பயன்படுகிறது: வலி, பசி, நீர்ச்சத்து, தூய்மை, மகிழ்ச்சி, நடமாட்டம், கெட்ட நாட்களைவிட நல்ல நாட்கள் அதிகமா என்ற ஏழுக்கும் பத்துக்கு மதிப்பெண் போட்டு, கூட்டுத்தொகை 35க்கு மேல் இருந்தால் தொடரலாம் என்பது அதன் கணக்கு.

அதையே எளிமையாகச் செய்ய, சுவரில் தொங்கும் மாதக் காலண்டர் போதும். ஒவ்வொரு இரவும் நாயைக் கவனிப்பவர் அந்தத் தேதியில் நல்ல நாளுக்கு ஒரு குறியும் கெட்ட நாளுக்கு வேறொரு குறியும் போட வேண்டும். லிம்ஃபோமா என்றால் வாரம் ஒரு முறை முழங்காலுக்குப் பின்னுள்ள நெறியை நூலால் அளந்து அதையும் குறித்துவையுங்கள். நினைவு நம்மை ஏமாற்றும். நேற்று வாலாட்டியதை வைத்து முந்தைய பத்து நாட்களை மறந்துவிடுவோம். ஒவ்வொரு தவணைக்கும் காலண்டர் பக்கத்தைப் படம் எடுத்து மருத்துவரிடம் காட்டுங்கள். மருந்தளவைக் குறைப்பதா, இடைவெளியைக் கூட்டுவதா, நிறுத்துவதா என்று அவர் முடிவு செய்ய உங்கள் வாய்மொழியைவிட அது உதவும்.

நிறுத்துவது என்று தீர்மானித்தால் அடுத்த தவணை நாளுக்குக் காத்திராமல் உடனே தெரிவியுங்கள். கீமோ ஊசியை அப்படியே விட்டுவிடலாம். ஆனால் கூடவே கொடுத்துவந்த ஸ்டீராய்டு மாத்திரையை ஒரே நாளில் நிறுத்தினால் நாய் திடீரெனச் சரிந்துவிடும். அதைப் படிப்படியாகக் குறைப்பதா, இறுதிவரை தொடர்வதா என்பதையும், வலி கூடினால் வீட்டுக்கே வந்து கருணை ஊசி போட மருத்துவர் சம்மதிப்பாரா என்பதையும் அதே சந்திப்பில் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.